கிராபிக்ஸ் கார்டுக்குப் பவர் சப்ளை: பழைய 1000 வாட்டா, புதிய 850 வாட்டா?

கணினியில் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டை மாட்டிய முதல் வாரமே தொல்லை ஆரம்பித்தது. நீலத் திரை வராது, பிழைச் செய்தியும் வராது. விளையாட்டின் நடுவில் சட்டென்று எல்லாம் இருண்டுபோகும், கணினி தானாகவே மறுபடி துவங்கும். கணக்கில் குறை எதுவும் தெரியவில்லை. கார்டுக்கு 320 வாட், பிராசஸருக்கு 125, மற்றவை எல்லாம் சேர்த்து 60 என்று வைத்தாலும் 505தான். என்னிடம் இருந்த பவர் சப்ளையோ 650 வாட்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றானபோது கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: ஏடிஎக்ஸ் (கணினிப் பவர் சப்ளைகளுக்கான பொது விதி) 2.4 காலத்து வடிவமைப்பில் ஒரு 1000 வாட், ஏடிஎக்ஸ் 3.1 விதிப்படி செய்த ஒரு 850 வாட். மின்சாரத்தை வீணாக்காத திறனில் இரண்டுமே கோல்டு தரம், இரண்டிலும் கேபிள்களைத் தனியாகக் கழற்றலாம். மின்சாரச் செலவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இருக்காது. நான் 850ஐ எடுத்தேன்.

காரணம், கார்டு மின்சாரத்தை இழுக்கும் விதம். 320 வாட் என்பது சராசரிதான். காட்சி மாறும் நேரங்களில் கார்டு ஒரு நொடியின் மிகச் சிறிய துளிக்கு அதைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டு இறங்கிவிடும். நொடிக்கு ஒருமுறை அளவெடுக்கும் கண்காணிப்பு மென்பொருளின் கண்ணில் இது படவே படாது. ஆனால் பவர் சப்ளைக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றுக்குத் தெரியும். ஏதோ கோளாறு என்று எண்ணி மொத்தத்தையும் அணைத்துவிடும். என் பழைய 650 செய்தது இதைத்தான். அது பழுதாகவில்லை. குறைவாக இழுக்கும் வேறொரு கார்டோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி (3.1 அதன் திருத்தப் பதிப்பு) இந்தத் திடீர் இழுப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. புதிய கார்டுகளுக்கு மின்சாரம் தரும் 16 பின் கனெக்டரோடு வரும் பெரிய பவர் சப்ளைகள், 100 மைக்ரோவிநாடிக்குத் தம் அளவில் இரண்டு மடங்கைத் தாங்கியே ஆகவேண்டும். அப்படியானால் 850 வாட் என்பது அந்த நேரத்துக்கு 1700. பழைய விதியில் இப்படி ஒரு கட்டாயம் இல்லை. நல்ல தயாரிப்பாளர் செய்த 1000 வாட் தாங்கலாம், பெரும்பாலும் தாங்கவும் செய்யும். ஆனால் அது அவர் பாதுகாப்பு எல்லையை எங்கே வைத்தார் என்பதைப் பொறுத்தது, பெட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அணைந்து அணைந்து எழும் கணினியோடு ஒரு மாதம் போராடியவனுக்குப் புதிய விதி தரும் உத்தரவாதம் பெரிது.

1000 வாட்டின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பாதிச் சுமையில் ஓடுவதால் மின்விசிறிக்கு வேலை குறைவு, சத்தமும் அடங்கியிருக்கும். என் 850 கடுமையான விளையாட்டில் லேசாக இரைகிறது. ஆர்டிஎக்ஸ் 5090 வைத்திருப்பவருக்கு இந்தப் போட்டியே பொருந்தாது. அந்தக் கார்டு மட்டுமே 575 வாட், அதற்கு 1000 வாட் வேண்டும், அதுவும் புதிய விதிப்படியே எடுக்கலாம்.

3.1இல் 16 பின் கனெக்டரையும் திருத்தியிருக்கிறார்கள். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று கார்டுக்குச் சொல்லும் உணர் பின்கள் குட்டையாகிவிட்டதால், பிளக் முழுதாக உட்காராவிட்டால் கார்டு மின்சாரத்தை இழுக்கத் தொடங்காது. என் கார்டில் இருப்பது 8 பின் இணைப்பு என்பதால் இதை நான் கையால் சோதித்ததில்லை. அதேபோல, வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. இதுவரை ஒருமுறைகூட அணையவில்லை, ஐந்து வருடம் உழைக்குமா என்பதற்கு என் அனுபவம் போதாது.

அப்புறம், மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டு பவர் சப்ளையை மட்டும் மாற்றாதீர்கள். கார்டுப் பக்கம் பின் வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். பவர் சப்ளைப் பக்கம் அப்படி எந்தப் பொது விதியும் கிடையாது. பிளக் பொருந்தும், மின்சாரம் தவறான பின்னில் போய் ஹார்டு டிஸ்க்கையோ கார்டையோ எரித்துவிடும். புதிய பெட்டியில் வந்த கேபிள்களையே போடுங்கள். கார்டின் ஒவ்வொரு 8 பின்னுக்கும் தனித்தனிக் கேபிள் இழுங்கள்.