இங்கிலாந்து: சுற்றிப் பார்க்க ஒரு விசா, வேலையும் செய்ய வேறு விசா

லண்டனில் நண்பர் வீட்டில் ஆறு மாதம் தங்கலாம், நடுவில் ஏதாவது கடையிலோ உணவகத்திலோ வேலை செய்து செலவை ஈடுகட்டலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். விசிட்டர் விசாவில் இதற்கு வழியே இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் உள்ள இளைஞர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை மூன்று: விசிட்டர் விசா, யங் புரொபஷனல்ஸ் விசா, பண்ணை வேலைக்கான சீசனல் விசா. கீழே உள்ள விசா கட்டணங்கள் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தவை. ஏப்ரல் தோறும் மாற வாய்ப்புண்டு என்பதால், பணம் கட்டும் முன் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விசிட்டர் விசாவுக்கு 127 பவுண்ட். ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். 2, 5, 10 வருட விசாக்களும் உண்டு. ஆனால் அவற்றிலும் ஒவ்வொரு வருகைக்கும் ஆறு மாதம்தான் எல்லை. சம்பளம் வாங்காவிட்டால் பரவாயில்லை என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. தெரிந்தவர் கடையில் கல்லாவில் உட்காருவது, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பதிலாகப் பண்ணையில் உதவுவது எல்லாமே வேலைதான். பதிவுபெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம், அதுவும் பயணத்தின் முக்கிய நோக்கமாக இருக்கக் கூடாது. சென்னை அலுவலக வேலையை மடிக்கணினியில் செய்வதற்கு 2024 ஜனவரி 31 முதல் தெளிவான அனுமதி உண்டு. அதற்கும் அதே நிபந்தனைதான்: வந்தது சுற்றிப் பார்க்கவோ நண்பரைப் பார்க்கவோ என்று இருக்க வேண்டும்.

நண்பர் அழைப்பதாக இருந்தால் அவருடைய கடிதத்தில் முகவரி, தேதிகள், உங்களுக்குள் எப்படிப் பழக்கம், செலவு யாருடையது என்ற நான்கும் வேண்டும். செலவை அவர் ஏற்றால் அவருடைய சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மெண்ட், அந்நாட்டில் அவர் தங்குவதற்கான உரிமைச் சான்று ஆகியவற்றைச் சேருங்கள். உங்கள் பக்கத்தில் வேலைக்குத் திரும்பும் தேதி குறித்த விடுப்புக் கடிதம் நல்ல பலம். விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு யாரோ போட்ட மூன்று லட்சம் கணக்கில் நின்றால், அது உங்கள் பணமா என்ற சந்தேகம் வரும். அதற்கு விளக்கமும் ஆவணமும் இல்லையென்றால் மறுப்புக்கு அதுவே போதும். மறுத்தால் கட்டணம் திரும்பாது, புதிதாகக் கட்டி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

ஊர் சுற்றுவதையும் வேலையையும் உண்மையாகச் சேர்த்துத் தருவது யங் புரொபஷனல்ஸ் விசா ஒன்றுதான். 2023 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம், வருடத்துக்கு 3,000 இடங்கள். வயது 18 முதல் 30 வரை, கையில் பட்டம், கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்த 2,530 பவுண்ட், உங்களைச் சார்ந்த பிள்ளைகள் இருக்கக் கூடாது. முதலில் குலுக்கலில் பெயர் வர வேண்டும். குலுக்கல் இதுவரை பிப்ரவரியிலும் ஜூலையிலும் இரண்டு நாள் மட்டும் திறந்திருக்கிறது. சேரக் கட்டணம் கிடையாது. பெயர் வந்தால் மின்னஞ்சலில் குறித்த கெடுவுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காசநோய்ச் சோதனைச் சான்றும் தேவை.

செலவு கூடுதல்தான்: விசா 319, விசா செல்லும் இரண்டு வருடத்துக்கான அரசு மருத்துவச் சேவைக் கட்டணம் 1,552, மொத்தம் 1,871 பவுண்ட். ஆனால் 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவருக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் வரி பிடிக்கும் முன் நான்கு வாரத்தில் 1,953 வந்துவிடும். இரண்டு வருடத்தில் எத்தனை முதலாளி வேண்டுமானாலும் மாறலாம், நடுவில் மூன்று மாதம் வேலையே இல்லாமல் யார்க், பாத், லேக் டிஸ்ட்ரிக்ட் என்று திரியலாம். ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, தேவையில்லாத இந்தச் சுதந்திரத்துக்காகவே இதை முதலில் வைக்கிறோம். குறை என்னவென்றால் நீட்டிக்க முடியாது, கணவரையோ மனைவியையோ இதே விசாவில் சேர்த்து அழைத்துவர முடியாது.

வேலைக்குச் சேரும்போது முதலாளி ஷேர் கோடு கேட்பார்; உங்களுக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்று இணையத்தில் சரிபார்க்கும் குறியீடு அது. அனுமதியில்லாதவரை வைத்தால் முதல் முறையே ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம் என்பதால் ஒழுங்கான இடம் எதுவும் இதை விடாது. வரி, சமூகக் காப்பீட்டுக் கணக்குக்கான நேஷனல் இன்சூரன்ஸ் எண் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கலாம், அதற்காகக் காத்திருந்து சம்பளத்தை இழக்க வேண்டாம். வேலையை விடும்போது, அதுவரை வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் பி45 படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் அடுத்த இடத்தில் சேர்ந்தால் அவசர வரிக் குறியீடு விழுந்து, தற்காலிகமாக அதிக வரி பிடிக்க நேரும்.

சீசனல் விசா கென்ட், ஹெரிஃபோர்ட்ஷயர் போன்ற இடங்களில் ஸ்ட்ராபெரி, ஆப்பிள் பறிப்பவர்களுக்கானது. 319 பவுண்ட், அதிகபட்சம் ஆறு மாதம், வாரம் குறைந்தது 32 மணி நேரக் கூலி உறுதி. பண்ணைக்குள்ளேயே கேரவனில் தங்க வைத்து வாடகையைக் கூலியில் பிடிப்பார்கள். கிராமத்துப் பேருந்து அடிக்கடி வராது. கிடைக்கும் ஒரு நாள் விடுமுறையில் லண்டன் போய்த் திரும்புவதே பாடு. சுற்றிப் பார்க்க இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாக மட்டுமே வேலை கிடைக்கும். வேலை வாங்கித் தர அவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஊரில் லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

விசிட்டராகப் போய் அங்கிருந்தபடியே மற்ற இரண்டுக்கும் மாற முடியாது, வெளியே வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு யங் புரொபஷனல்ஸ் போன்ற இளைஞர் திட்டம் இல்லை. கனடா, ஆஸ்திரேலியக் குடியுரிமை உள்ள தமிழர்களுக்கோ குலுக்கலும் இல்லை, பட்டமும் தேவையில்லை. யூத் மொபிலிட்டி விசாவில் 35 வயது வரை போகலாம், மூன்று வருடம் வரை இருக்கலாம்.