உப்புக்காற்றில் ஏர் ரைஃபிள்: எந்தப் பூச்சு நிற்கும்?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். கடலையொட்டிய இந்த வடசென்னை வரிசையில் வீடு இருந்தால் இரும்பு என்ன பாடுபடும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பால்கனி கம்பியும் ஜன்னல் கொக்கியுமே சாட்சி. அதே காற்றில்தான் நம் ஏர் ரைஃபிளும் பீரோவுக்குள் நிற்கிறது. கடையில் வாங்கும்போது பளபளவென்று இருந்த கறுப்பு பேரலில் ஒரு மழைக்காலம் முடிந்ததும் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அப்போது பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: ஒரு ஸ்ப்ரே கேன் வாங்கி, பச்சையும் மண்ணிறமும் அடித்து, கேமோ, அதாவது சுற்றுப்புறத்தோடு கலந்து மறைக்கும் வண்ண வடிவம், போட்டுவிடுவது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் அந்தப் பச்சைக்கு அடியில் கொப்புளம் கிளம்பும்.

கேமோ என்பது ஒரு வேலை. துருவைத் தடுப்பது வேறு வேலை. ஒரே டப்பா இரண்டையும் செய்யும் என்று நம்புவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தப் பிரிவினையை வைத்துத்தான்.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது 0.177 அங்குலக் குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத சுடும் ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிள் பற்றி மட்டும். 2016 ஆயுத விதிகளின்படி இவற்றுக்கு உரிமம் தேவையில்லை. உரிமத்தில் உள்ள துப்பாக்கி என்றால் வீட்டில் கை வைக்காதீர்கள், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். துப்பாக்கியில் பொறித்த எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் 1959 ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவில் குற்றம். ஏர் ரைஃபிளிலும் எண் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பதே நல்லது. கேமோ அடித்த ரைஃபிளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டாம். பைக்குள் வைத்தே எடுத்துச் செல்லுங்கள். அது ஏர் கன்தான் என்று தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

உப்பை எடுக்காமல் எதை அடித்தும் பயனில்லை

எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வேலைக்கு விலக்கில்லை. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். நம் பக்கம் விடியற்காலையில் 75 சதவீதம் என்பது சாதாரணம். ஆக, பேரலில் படிந்த உப்புத்தூள் ஒவ்வோர் இரவும் உப்புநீராக மாறி உலோகத்தைத் தின்கிறது. அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் உப்பைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். பெயின்ட் வழியாக ஊடுருவும் ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கொள்ளும், கொப்புளம் வரும்.

தின்னர் போட்டுத் துடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தின்னர் எண்ணெயை எடுக்கும், உப்பை எடுக்காது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் நல்ல தண்ணீர். கடலோர போர் தண்ணீரில் கழுவினால் எடுத்த உப்பைத் திரும்பப் பூசியது போல. மெட்ரோ தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மெக்கானிக் கடையில் விற்கும் பேட்டரி தண்ணீரைப் பயன்படுத்துங்கள். அது உப்பு நீக்கிய தண்ணீர்தான், விலையும் அதிகமில்லை. துணியால் துடைத்து, ஹேர் டிரையரில் உலர்த்தி, பிறகு 320 அல்லது 400 நம்பர் எமரி. அதன் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. வியர்வையிலும் உப்பு இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஏர் ரைஃபிளுக்குச் சிலர் சிலிக்கோன் எண்ணெய் விடுவார்கள். அது துளி ஒட்டியிருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் விலகி வட்டக் குழியாக நிற்கும். டிங்கரிங் பட்டறைகளில் இதை ஃபிஷ் ஐ என்பார்கள். வந்த பிறகு மேலே மேலே அடித்தாலும் மூடாது. சோப்புத் தண்ணீர், கழுவல், பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் என்ற வரிசையில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

ஸ்ப்ரே கேனும் டூ-கே பெயின்டும்

ஸ்ப்ரே கேன் எங்கும் கிடைக்கும். கம்ப்ரசர் வேண்டாம், மொட்டை மாடியிலேயே முடிந்துவிடும். மேட் ஃபினிஷ் கிடைக்கிறது, வெளிச்சம் பட்டால் மின்னாது. பிடிக்கவில்லை என்றால் தின்னரில் கழுவிவிட்டு வேறு வண்ணம் அடிக்கலாம். கேமோவுக்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது. ஆனால் அந்த மேட் தன்மையே அதன் பலவீனம். மேட் பூச்சில் நிறமித் தூள் அதிகம், அதைப் பிணைக்கும் பிசின் குறைவு. அதனால் ஈரம் எளிதில் ஊடுருவும். எண்ணெய் பட்டால் சிலது மென்மையாகி விரலில் ஒட்டும். துருவைத் தடுக்கும் பொறுப்பை இதனிடம் கொடுக்க முடியாது.

கார், பைக் பட்டறைகளில் அடிக்கும் டூ-கே பி.யூ. (பாலியூரித்தேன்) இதற்கு நேர் எதிர். பெயின்டையும் ஹார்டனரையும் கலந்து அடிப்பது. காய்ந்தபின் பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் அசையாது. மேட் கிளியரும் உண்டு. உழைப்பை மட்டும் பார்த்தால் ஸ்ப்ரே கேனால் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனாலும் வீட்டில் இதை அடிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்தப் புகை நுரையீரலில் ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரும். துணி மாஸ்க்கும் என்-95 மாஸ்க்கும் இதைத் தடுக்காது. பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியவை, மாடிப்படி பொது, பக்கத்து வீட்டுக் குழந்தை அங்கேயே விளையாடும். நீங்கள் மாஸ்க் போட்டாலும் அந்தக் குழந்தைக்கு யார் போடுவது? டூ-கே வேண்டுமென்றால் பாகங்களைக் கழற்றி, ஸ்ப்ரே பூத் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பவுடர் கோட்டிங், செராகோட்

பவுடர் கோட்டிங் விலைக்கு ஏற்ற உறுதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜாப் வொர்க்காகச் செய்து கொடுப்பவர்கள் நிறைய. ஆனால் அது கேட்டுக்கும் கிரில்லுக்கும் பொருந்துகிற அளவுக்கு ரைஃபிளுக்குப் பொருந்தாது. தடிமன் 60 முதல் 80 மைக்ரான் வரை வரும். ஏர் ரைஃபிளின் மேலுள்ள 11 மில்லிமீட்டர் டவ்டெயில் பள்ளத்தில் அந்தத் தடிமன் ஏறினால் ஸ்கோப் மவுன்ட் சரியாக உட்காராது. திருகு மரைகள் அடைபடும். பேரல் மடங்கும் இடத்தில் உரசி உரிந்துவிடும். வேகவைக்க 180 முதல் 200 டிகிரி வெப்பம் வேண்டும், அதில் சீல்களும் பிளாஸ்டிக் பாகங்களும் போய்விடும். தனியாகக் கழற்றக்கூடிய வெறும் உலோகத் துண்டுகளுக்கு மட்டும் சரி. கேமோ வடிவமும் இதில் சுலபமில்லை.

செராகோட் வேறு ரகம். அமெரிக்காவின் ஓரிகன் மாநில நிறுவனம் தயாரிப்பது, செராமிக் கலந்த பாலிமர். சுமார் 25 மைக்ரான் தடிமனிலேயே வேலையை முடித்துவிடும். அதனால் அசையும் பாகங்கள் இறுகாது. உரசலுக்கும் உப்புக்கும் இந்தப் பட்டியலில் இதுதான் முதலிடம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஹெச் வரிசைப் பூச்சுக்கு அலுமினியம் ஆக்சைடு மணலால் பிளாஸ்டிங் செய்து உலோகத்தைச் சொரசொரப்பாக்க வேண்டும், நல்ல ஸ்ப்ரே கன் வேண்டும், பிறகு சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும். வீட்டு ஓ.டி.ஜி.க்குள் பேரல் நுழையாது. நுழைந்தாலும், சாப்பாடு செய்யும் ஓவனில் பெயின்ட் வேகவைக்கக் கூடாது. காற்றிலேயே உலரும் சி வரிசையும் உண்டு, முழுதாக இறுக ஐந்து நாள் எடுக்கும். இறக்குமதிச் செலவையும் சேர்த்தால், சாதாரண இந்திய ஏர் ரைஃபிளின் விலையில் பெரிய பங்கை இந்தப் பூச்சே தின்றுவிடும். விலை உயர்ந்த பந்தய ரைஃபிள் வைத்திருப்பவர், செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து அடிப்பதில் நியாயம் இருக்கிறது.

விற்பவர்கள் உப்புத்தூவல் சோதனை மணிக்கணக்கைக் காட்டுவார்கள். ஏ.எஸ்.டி.எம். பி-117 என்ற அந்தச் சோதனை, 5 சதவீத உப்புக்கரைசலை 35 டிகிரியில் இடைவிடாமல் தூவுவது. இரண்டு பூச்சுகளை ஒப்பிட அது உதவும். எண்ணூர் வெயிலும் இரவு ஈரமும் மாறி மாறி அடிப்பதற்கு அது ஈடாகாது.

கோல்ட் புளூ, பாஸ்பேட்

கோல்ட் புளூ என்பது செலினியம் சேர்மம் உள்ள திரவம். துடைத்தவுடன் இரும்பு கறுக்கும். சிறு கீறலை மறைக்க நல்லது, அவ்வளவுதான். துருவுக்கு எதிராக அதனிடம் பெரிய பலம் இல்லை, கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. இரும்பைக் கறுப்பாக்க ஆலைகளில் செய்யும் ஹாட் புளூயிங், காஸ்டிக் சோடாக் கரைசலை 140 டிகிரி அளவுக்குக் கொதிக்க வைப்பது. வீட்டில் நினைத்தே பார்க்க வேண்டாம்.

பாஸ்பேட்டுக்கு நம் ஊரில் ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. பவுடர் கோட்டிங் கடைகளில் பெயின்டுக்கு முன் செவன் டேங்க் பிராசஸ் செய்வார்கள்: எண்ணெய் நீக்கல், துரு நீக்கல், இடையிடையே கழுவல், ஜிங்க் பாஸ்பேட், கடைசியில் பாசிவேஷன். பவுடர் வேண்டாம், செவன் டேங்க் மட்டும் போதும் என்று கேட்டால் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய படிகப் படலத்தோடு பாகம் திரும்பி வரும், பெயின்ட் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். வெறும் எண்ணெயோடு விட இந்தப் படலம் போதாது, மேலே கட்டாயம் பூச்சு வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் அந்தத் தொட்டிக்கு அனுப்பாதீர்கள். அமிலத்தில் ஹைட்ரஜன் ஏறி ஸ்பிரிங் நொறுங்கும் தன்மை பெறும். குழலின் உட்புறத்தை இரு முனையிலும் ரப்பர் கார்க்கால் அடைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிளைக் கழற்றுவதற்கே ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் வேண்டும், அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் முகத்தில் பாயும். அந்தக் கருவி இல்லாதவர் முழுதாகக் கழற்றாமல், மேற்பரப்பு வேலையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

கேமோ ஸ்டிக்கரும் துணி டேப்பும் பற்றி ஒரு வரி போதும்: உலோகத்தின் மேல் ஒட்டவே ஒட்டாதீர்கள், வியர்வையையும் உப்பீரத்தையும் பிடித்து வைத்து அடியில் அரிக்க விடும்.

நான் தேர்ந்தெடுப்பது

உலோகத்துக்குக் காப்பாக, பிசினும் ஹார்டனரும் தனித்தனி டப்பாவில் வந்து கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் அலங்காரமாக ஸ்ப்ரே கேன் கேமோ. இரும்பு விசைப்படகுகளுக்கு அடிக்கும் அதே வகை எபாக்ஸிதான். இதில் ஐசோசயனேட் இல்லை. ஆனால் ஹார்டனர் தோலில் அரிப்பைக் கிளப்பும் என்பதால் நைட்ரைல் கையுறையும், ஜன்னல் திறந்த இடமும், கரைப்பான் புகைக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கட்டாயம். மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு கோட் இழுக்கலாம். காய்ந்ததும் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்தால் பிரஷ் கோடு போய்விடும், மிச்சத்தை மேட் பெயின்ட் மறைத்துவிடும். எபாக்ஸி வெயிலில் சுண்ணாம்பு போல வெளுக்கும். கேமோ கோட் அதற்கு நிழல், எபாக்ஸி இரும்புக்குக் கவசம். கேமோ தேய்ந்தால் அதை மட்டும் திரும்ப அடித்துக்கொள்ளலாம், கவசம் அசையாது.

கேமோவுக்கு வெளிர் நிறத்தில் தொடங்குங்கள். மணல் நிறம் முழுக்க அடித்து, அது காய்ந்ததும் சின்னக் கண்ணுள்ள பழைய மீன்வலைத் துண்டை இறுக்கிக் கட்டி, மேலே ஆலிவ் பச்சையைத் தள்ளி நின்று லேசாகத் தூவுங்கள். வலையை எடுத்தால் பாம்புச் சட்டை போன்ற கட்டம் விழுந்திருக்கும். அதன் மேல் அங்கங்கே பனையோலைக் கீற்றை வைத்துக் கரும்பழுப்பு. ஓலையின் ஓரம் கூர்மையாக விழ வேண்டும் என்றால் ஒட்டிப் பிடியுங்கள், மங்கலாக வேண்டுமென்றால் ஒரு விரல் தூக்கிப் பிடியுங்கள். பேரல் வாயை ஸ்பாஞ்சால் அடைத்திருக்க வேண்டும். டிரிகர், பிரீச் சீல் (பேரலின் பின்வாயில் காற்றை அடைக்கும் வளையம்), டவ்டெயில் மூன்றுக்கும் மாஸ்கிங் டேப்.

நேரம் முக்கியம். காலைப் பனி வற்றிய பிறகு, மதியக் கடற்காற்று ஏறுவதற்கு முன். ஈரக்காற்றில் அடித்த ஸ்ப்ரே பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். மேற்கிலிருந்து காற்று வந்தால் கொடுங்கையூர்ப் பக்கத்துத் தூசியும் வரும், அன்று மாடி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

தோளில் அணைக்கும் ஸ்டாக் மரக்கட்டை என்றால் எனக்குப் பெயின்டைவிட ஆளிவிதை எண்ணெய்தான் பிடிக்கும். மரத்தின் ரேகை தெரியும், கீறல் விழுந்தால் அங்கே மட்டும் தேய்த்துச் சரிசெய்யலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் உலரும்போது சூடாகித் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் ஸ்டாக்குக்கு முதலில் பிளாஸ்டிக் பிரைமர் அடித்தால்தான் கேமோ ஒட்டும். அதில் அசிட்டோன் படக் கூடாது, சில பிளாஸ்டிக் உருகிவிடும்.

காற்றில் வரும் உப்பு கரையிலிருந்து உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். திருவொற்றியூர், காசிமேடு வீட்டுக்கு எபாக்ஸியைக் கட்டாயம் என்பேன், அதோடு உரசும் இடங்களில் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணி. பெரம்பூர், வியாசர்பாடி, மூலக்கடை என்றால் தொழிற்சாலைப் புளூயிங்கைக் கெடுக்காமல் வைத்து, மாதம் இருமுறை எண்ணெய் தடவினாலே உலோகம் நன்றாக நிற்கும். அங்கே இருப்பவர் கேமோ ஆசையை ஸ்டாக்கோடு நிறுத்திக்கொண்டு பேரலை அப்படியே விட்டுவிடலாம்.