வைஃபையில் யார் யார்: ஃபோன் ஆப்பா, ரவுட்டர் பக்கமா?

கல்லடியில் எங்கள் வீட்டில் ஆட்கள் நாலு பேர்தான். ஆனால் 20ஆம் திகதிக்கே டேட்டா முடிந்துவிடும். யார் இழுக்கிறார்கள் என்று அறிய இரண்டு வழியையும் ஒரே இரவில் பார்த்தேன்.

ஃபிங் மாதிரி ஆப் இலேசு. ஃபோனை வைஃபையில் இணைத்து ஸ்கேன் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் பட்டியல் வந்துவிடும். குறை என்னவென்றால், அந்நேரம் இணைந்திருப்பவை மட்டும்தான் தெரியும். நடுச்சாமத்தில் வந்து போகிறவன் பகலில் அகப்படமாட்டான்.

ரவுட்டர் பக்கம் கொஞ்சம் அலுப்பு. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடித்து, ரவுட்டரின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும் (எங்கள் ஸ்டிக்கரில் பல்லி எச்சம், துடைத்துத்தான் வாசித்தேன்). ஆனால் உள்ளே டிஎச்சிபி பட்டியலில் (எந்தக் கருவிக்கு எந்த ஐபி எண்ணை ரவுட்டர் கொடுத்தது என்ற பட்டியல்), சற்று முன் வெளியேறிய கருவியும் பெரும்பாலும் கிடக்கும். வேண்டாததைத் தடுக்கலாம், பாஸ்வேர்டையும் மாற்றலாம். ஆப்பால் அது முடியாது. என் வாக்கு ரவுட்டருக்குத்தான்.

ஒரு சிக்கல் இரண்டிலும் உண்டு. ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) தொடக்கம் ஃபோன்கள் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மறைத்து வேறொன்றைக் காட்டும். பெயரில்லாத ஒன்றைக் கண்டு பதறாமல், வீட்டு ஃபோன்களின் வைஃபையை ஒவ்வொன்றாக நிறுத்தி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். இதற்கு ஆப்தான் தோது.

எல்லாம் நிறுத்தியும் எங்களுக்கு ஒன்று மிஞ்சியது. மதிலுக்கு அந்தப் பக்கத்து மச்சானின் டிவி. மாமாங்கத் திருவிழா நேரம் நான்தான் பாஸ்வேர்டு கொடுத்தேனாம்.