மஞ்சக்குப்பம் விதைக்கடையில் வாங்கிய தக்கைப்பூண்டு: குவியல் ஒன்று, முளைப்பு இரண்டு

சம்பா நடவுக்கு முன் இரண்டு ஏக்கரில் விதைத்து, பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழுவதற்காக, கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு விதைக்கடையில் இந்த ஆனி மாதம் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டின் விதை 20 கிலோ மூட்டைகள் இரண்டு வாங்கினேன். ஒன்றைக் கடையின் முன்பக்க அடுக்கிலிருந்து கொடுத்தார்கள். அதுவே அங்கிருந்த கடைசி மூட்டை என்பதால் மற்றொன்று பின்கட்டுக் கிடங்கிலிருந்து வந்தது. இரண்டு அட்டைகளிலும் ஒரே குவியல் எண்ணும் (ஒரே தொகுதி விதை என்பதைக் காட்டும் எண்) ஒரே பரிசோதனைத் தேதியும் இருந்தன; அந்தத் தேதியிலிருந்து எண்ணும் ஒன்பது மாதக் காலக்கெடுவும் முடிந்திருக்கவில்லை.

விதைக்குமுன் மூட்டைக்கு 100 விதை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைப்பது என் வழக்கம். ஐந்தாம் நாள் பிரித்தபோது கிடங்கு விதையில் 86 முளைத்திருந்தன, முன்பக்க விதையில் 58 மட்டுமே. முளைக்காதவற்றையும் விரலால் நசுக்கிப் பார்த்தேன். கிடங்கு விதையில் மீந்தவை பெரும்பாலும் நீரே உறிஞ்சாமல் கல்லாக இருந்தன. அவை உயிருள்ள கடின விதைகள், பிந்தி முளைக்கக்கூடியவை. முன்பக்க விதையில் மீந்தவையோ ஊதி, பூசணம் பிடித்து, தொட்டதும் குழைந்தன. அந்த மூட்டையை நம்பி விதைத்திருந்தால், ஏக்கருக்கு 20 கிலோ போதும் என்ற இடத்தில் ஏறக்குறைய 30 கிலோ தேவைப்பட்டிருக்கும். அப்போதும் நாற்றின் வீரியத்துக்கு உறுதியில்லை.

காரணத்தை நேரில் பார்க்க மறுபடியும் கடைக்குச் சென்றேன். முன்பக்கத்தில் சணல் மூட்டைகளைத் தகரக் கூரையின் கீழ், வெறும் சிமெண்டுத் தரையில், சுவரோடு ஒட்டி அடுக்குகிறார்கள். காற்றில் ஈரம் வற்றாத இந்தக் கடற்கரை ஊரில் சணல் சாக்குக்குள் இருக்கும் விதை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதோடு தகரத்தின் சூடும் சேர்ந்தால் விதை வேகமாகச் சுவாசித்துத் தன் சேமிப்பைத் தானே தீர்த்துக்கொள்ளும். விதையின் ஈரப்பதம் 1 சதவீதமோ, சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸோ குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த தோராய விதி. பின்கட்டுக் கிடங்கு ஓட்டுக் கூரை வேய்ந்தது. மூட்டைகள் மரக்கட்டைகளின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கின்றன.

முளைத்த சாக்கைக் காட்டியதும் உரிமையாளர் மறுபேச்சில்லாமல் மூட்டையை மாற்றிக் கொடுத்தார். அந்த நேர்மையை மதிக்கிறேன். விலையிலும் எடையிலும் குறையில்லை. இங்கே பசுந்தாள் விதை வாங்குபவர்கள் கிடங்கு மூட்டையையே கேட்டு வாங்குங்கள். முன்பக்கத்திலும் கட்டை போடச் சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துச் சென்றபோது புதிதாக வந்த சணப்பை (இன்னொரு பசுந்தாள் பயிர்) விதை மூட்டைகள் அதே வெறுந்தரையில்தான் இருந்தன.