5-ஆல் வகுப்பதா, 4-ஆல் வகுப்பதா?

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவு திட்ட விலக்கம். 5 எண்களுக்கு அதைக் கணக்கிடும்போது 5-ஆல் வகுப்பது ஒரு வழி, ஒன்று குறைத்து 4-ஆல் வகுப்பது இன்னொரு வழி. ஏற்காட்டில் 5 காப்பிச் செடிகளில் பறித்த பழம் 2, 3, 3, 4, 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 4. ஒவ்வொன்றிலிருந்தும் சராசரியைக் கழித்தால் வரும் விலக்கங்கள் −2, −1, −1, 0, 4. இவற்றைக் கூட்டினால் 0 வர வேண்டும். வராவிட்டால் சராசரியிலோ கழித்ததிலோ தப்பு, மேலே போகாதீர்கள். விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 22. இதுவரை இரண்டு வழிக்கும் ஒரே கணக்கு.

அந்த 5 செடிகளைப் பற்றி மட்டும் பேசுவதானால் 22-ஐ 5-ஆல் வகுக்கலாம்: 4.4, அதன் வர்க்கமூலமான திட்ட விலக்கம் 2.10 கிலோ. பத்தாம் வகுப்பில் படித்தது இதுதான்.

அவற்றை மாதிரியாக வைத்துத் தோட்டம் முழுவதையும் மதிப்பிடுவதானால் 4-ஆல்தான் வகுக்க வேண்டும்: 5.5, அதன் வர்க்கமூலம் 2.35 கிலோ. ஏன் ஒன்று குறைகிறது? விலக்கங்களை எடுத்தது தோட்டத்தின் உண்மைச் சராசரியிலிருந்து அல்ல, இதே 5 எண்களின் சராசரியிலிருந்து. அது இவற்றுக்கு நடுவிலேயே இருப்பதால் வர்க்கக் கூட்டல் பெரும்பாலும் குறைத்தே காட்டும். 4-ஆல் வகுப்பது அந்தக் குறையை ஈடுகட்டுகிறது.

எக்செல்லின் திட்ட விலக்கச் சூத்திரங்களில் 'எஸ்டிடெவ்.எஸ்' 4-ஆலும் 'எஸ்டிடெவ்.பி' 5-ஆலும் வகுக்கும். கையால் 2.10, கணினியில் 2.35 என்று வந்து தலையைச் சொறிவது பெரும்பாலும் இதனால்தான். 500 செடி என்றால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 5 செடிக்கு ஏறக்குறைய 12 சதவீதம்.

எதால் வகுத்தாலும், 22-இல் 16 அந்த ஒரே 8 கிலோ செடியிலிருந்து வந்தது. அதனால் பக்கத்திலேயே இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், 3 என்றும் எழுதிவையுங்கள்.