ஓஎம்ஆர்ல 2 பிஎச்கே: அஞ்சு வருஷம் குடியிருந்துட்டு எழுதுற ரிவ்யூ

பில்டர் பேர் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். எங்க அசோசியேஷனுக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தை இன்னும் ஓடிட்டு இருக்கு, நான் பேரை போட்டு அது வேற பிரச்சனையாகி செக்ரட்டரி அங்கிள் என்கிட்ட சண்டைக்கு வருவார். இடம் மட்டும் சொல்றேன், பழைய மகாபலிபுரம் ரோட்டுல (அதான் ஓஎம்ஆர்) நாவலூர் தாண்டி கேளம்பாக்கம் போற வழி, மெயின் ரோட்டுலேர்ந்து கிழக்கால முக்கா கிலோமீட்டர் உள்ள. 14 மாடி, மூணு டவர், நான் ஒம்பதாவது மாடி.

முதல்ல நல்லத சொல்லிடறேன். வீடு நல்ல வீடு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல கடல் காத்து உள்ள வந்துச்சுன்னா ஃபேன் தேவையில்ல. பால்கனில நின்னா பக்கிங்காம் கால்வாயும் அதுக்கு அந்தாண்ட முட்டுக்காடு பக்கம் தண்ணியும் தெரியும், வர்ற சொந்தக்காரங்க எல்லாம் அங்க நின்னு போட்டோ எடுத்துட்டுதான் போவாங்க. லிஃப்ட் ஓகே, பவர் பேக்கப் ஓகே. சூப்பர் பில்ட்-அப் 1,150 ஸ்கொயர் ஃபீட்னு சொல்லி வித்தாங்க, கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள்ள நாம புழங்கற எடம், 790தான், அது இங்க எல்லா எடத்துலயும் நடக்கிற கதை.

இப்ப தண்ணிக்கு வர்றேன்.

ஊர்லேர்ந்து அம்மா முதல் தடவ வந்தப்ப குழாய திறந்து ஒரு வாய் வச்சு பாத்துட்டு "ஏம்ப்பா, உப்பு கரிக்குதே, இத நம்பியா அம்பது லட்சம் போட்ட?"ன்னாங்க. போர் தண்ணி உப்பு, கடல் அவ்வளவு பக்கம், வேற எப்படி இருக்கும். அதனால லாரி. 2024 மே மாசம் ஒரு நாளைக்கு 14 லாரி வரைக்கும் வாங்கினோம். மெயின்டனன்ஸ் பில்லுல பாதிக்கு கிட்ட தண்ணிதான், அத அசோசியேஷன் வருஷ கூட்டத்துல சொன்னா சத்தம் போடறாங்க, சத்தம் போட்டுட்டு வீட்டுக்கு போய் குளிக்கிறாங்க.

இதுல கொடுமை என்னன்னா எங்களுக்கு தெக்கால ஈசிஆர்ல, அதாவது கிழக்கு கடற்கரை சாலைல, நெம்மேலில கடல் தண்ணிய குடிதண்ணியா மாத்துற பிளான்ட் ஒண்ணுக்கு ரெண்டா இருக்கு, 2013ல ஆரம்பிச்சது ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், 2024ல திறந்தது 15 கோடி லிட்டர், அந்த தண்ணி எல்லாம் வடக்கால சிட்டிக்கு போகுது. பிளான்ட் தெக்கால, தண்ணி வடக்கால, நடுவுல நாங்க லாரிக்காரருக்கு போன் போட்டுட்டு உக்காந்திருக்கோம்.

ஏன்னு தோண்டி பாத்தப்புறம்தான் எனக்கு புரிஞ்சுது, நான் வாங்கினது சென்னைல வீடே இல்ல. பிரவுச்சர்ல சென்னைனு போட்டிருந்தான், ஆபீஸ்ல கேட்டா நானும் சென்னைனுதான் சொல்றேன். ஆனா 2011ல மாநகராட்சிய 174 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 426க்கு விரிச்சாங்கல்ல, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் உள்ள வந்துச்சு, ஓஎம்ஆர்ல அந்த கோடு செம்மஞ்சேரியோட நின்னுடுச்சு. அதுக்கு தெக்கால செங்கல்பட்டு மாவட்டம், ஊராட்சி. அதாவது 14 மாடி, ஸ்விம்மிங் பூல், இன்டோர் பேட்மின்டன் கோர்ட், இதுக்கெல்லாம் லோக்கல் கவர்மென்ட் யாருன்னா கிராம பஞ்சாயத்து. பிளானுக்கு அப்ரூவல் எங்கயோ மேல இருக்கிற ஆபீஸ்ல வாங்கறாங்க. மாடி கட்டி முடிச்சப்புறம் குப்பை அள்றது, தெருவிளக்கு போடறது, உள் ரோடு எல்லாம் ரெண்டு டிராக்டர் வச்சிருக்கிற பஞ்சாயத்து தலைல. அவங்கள திட்டி என்ன பிரயோஜனம், பாவம்.

பணம் இல்லாம இல்ல. 2019ல வந்த கட்டட விதிப்படி சாதா பில்டிங்குக்கு எஃப்எஸ்ஐ, அதாவது நிலத்த மாதிரி எத்தன மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு, 2, உயர கட்டடத்துக்கு 3.25. அதாவது ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடின்னா 7,800 சதுர அடி வரைக்கும் கட்டலாம். அதுக்கு மேலயும் வேணும்னா பிரீமியம் எஃப்எஸ்ஐனு காசு கட்டி வாங்கிக்கலாம், ரோடு 18 மீட்டர் அகலம்னா இன்னும் 50 சதவீதம். இது போக இன்ஃப்ராஸ்ட்ரக்சர் அண்ட் அமினிட்டீஸ் சார்ஜ்னு தனியா. எல்லாம் பில்டர் கட்டறான், கடைசில ஸ்கொயர் ஃபீட் ரேட்ல நாமதான் குடுக்கறோம். அந்த இன்ஃப்ராஸ்ட்ரக்சர எங்க வாசல்ல இன்னும் நான் பாக்கல. பாதாள சாக்கடை கிடையாது, கழிவுநீர காம்பவுண்டுக்குள்ளயே சுத்தம் பண்ற எஸ்டிபி பிளான்ட்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல அது ஓடும்போது சி டவர் கீழ் மாடிக்காரங்க ஜன்னல சாத்திடுவாங்க. எஸ்டிபி ரிப்பேர்னா கழிவுநீர் லாரி. ஆக ஒரு லாரில தண்ணி உள்ள வரும், இன்னொரு லாரில வெளிய போகும்.

பார்க் கதைய சொல்லியே ஆகணும். வித்தப்ப "டூ தவுசண்ட் ஸ்கொயர் மீட்டர் பிரைவேட் பார்க் சார்"னான் சேல்ஸ் பையன். ஊஞ்சல் போட்டு, சுத்தி கம்பி வேலி போட்டு, கேட் போட்டு குடுத்தாங்க. ரெண்டாவது வருஷம் பக்கத்து தெரு பசங்க கிரிக்கெட் ஆட வந்தாங்க, செக்யூரிட்டி விரட்டினார், மறுநாள் வார்டு மெம்பர் கைல பத்திரத்தோட வந்துட்டார். அது ஓஎஸ்ஆர் நிலம். பெரிய சைட்னா பத்து சதவீதத்த பொது திறந்தவெளியா விடணும், 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா அத உள்ளாட்சிக்கு தானமாவே எழுதி குடுத்துடணும், அப்பதான் அப்ரூவல். குடுத்ததுக்கப்புறம்தான் வேலி போட்டு எங்களுக்கு வித்திருக்கான்! அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாரம் ரகளை, "செக்யூரிட்டி ரிஸ்க்"னு ஒரு கோஷ்டி. என்னைய கேட்டா பசங்க பக்கம்தான் நியாயம். இப்ப வெளிப்பக்கம் கேட் திறந்திருக்கு, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஆடறாங்க, இதுவரைக்கும் ரெண்டு கண்ணாடி உடைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

மெட்ரோ. "ரெண்டே வருஷம் சார், வாசல்ல மெட்ரோ"ன்னான் அதே பையன். மாதவரத்துலேர்ந்து வர்ற மூணாவது வழித்தடம் சிறுசேரி சிப்காட்டோட முடியுது, அது எங்களுக்கு முன்னாடியே. வந்தாலும் ஷேர் ஆட்டோ பிடிச்சுதான் போகணும். அதுவரைக்கும் காலைல சோழிங்கநல்லூர் தாண்டறதுக்குள்ள தடுப்புக்கு நடுவுல ஒரு பாட்காஸ்ட் முழுசா முடிஞ்சிடும். ஒரே ஆறுதல், 2023 அக்டோபர்ல நாவலூர் டோல எடுத்துட்டாங்க, அது உண்மையாவே நல்ல காரியம்.

எங்க வீட்டுல வேலை செய்யற அக்கா செம்மஞ்சேரி வாரிய குடியிருப்பு. முன்னாடி அடையாறு ஆத்தங்கரைல இருந்தாங்க, அங்கேர்ந்து எடுத்து இங்க கொண்டாந்து விட்டாங்க, பிள்ளைங்க ஸ்கூல் ஒரு பக்கம், வேலை செஞ்ச வீடுங்க எல்லாம் இருபது கிலோமீட்டர் அந்தாண்ட. ஒரு நாள் லாரி வரலனு நான் புலம்பிட்டு இருந்தேன். "எங்கள வண்டில ஏத்தி எறக்குனாங்க, நீங்க லோன் போட்டு வந்து எறங்குனீங்க, அவ்ளோதான் அண்ணா"ன்னு சொல்லிட்டு பாத்திரத்த கழுவ போயிட்டாங்க. நான் ஒண்ணும் பேசல.

2022ல சென்னை பெருநகர் எல்லைய 1,189லேர்ந்து 5,904 சதுர கிலோமீட்டரா விரிச்சு அரசாணை போட்டாங்க, எங்க பக்கமும் இப்ப பேப்பர்ல அதுக்குள்ளதான். செக்ரட்டரி அங்கிள் அன்னைக்கு ஸ்வீட் வாங்கிட்டு வந்தார். பெருநகர் வளர்ச்சி குழுமம் (சிஎம்டிஏ) பிளான் போடும், அப்ரூவல் குடுக்கும், தண்ணி பைப் போடாதுனு அவருக்கு சொல்ல மனசு வரல, ரெண்டு லட்டு எடுத்துக்கிட்டேன்.

வாங்கறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். அக்ரிமென்ட் பதியறதுக்கு முன்னாடி பத்து சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் குடுக்காதீங்க, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டமே (ரெரா) அதான் சொல்லுது. யுடிஎஸ், அதாவது மொத்த நிலத்துல உங்க பங்கு, எவ்வளவுன்னு பத்திரத்துல நம்பரா பாருங்க, கட்டடம் பழசாகும், மண்ணுதான் உங்களுது. சுவர் விரிசல், ஒழுகல்னு இருந்தா சாவி வாங்கின நாள்லேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள எழுத்துல குடுத்துடுங்க, பில்டர் சொந்த செலவுல சரி பண்ணி தரணும், நாங்க நாலு வருஷம் பத்து மாசத்துல முழிச்சுக்கிட்டோம், அதனாலதான் அந்த பேச்சுவார்த்தையே இப்ப நடக்குது. ஓஎஸ்ஆர் எதுன்னு அப்ரூவ்டு பிளான்ல கேட்டு பாருங்க.

ரேட்டிங் கேட்டீங்கன்னா, கதவுக்கு உள்ள நாலு ஸ்டார், காம்பவுண்டுக்கு உள்ள மூணு, கேட்டுக்கு வெளிய அரை. அரை டோலுக்காக.

அப்புறம் ஒண்ணு, மாடல் ஃப்ளாட்ட பாத்துட்டு அப்படியே வந்துடாதீங்க. அதே பில்டர் முன்னாடி கட்டின புராஜெக்ட் ஒண்ணு பக்கத்துலயே இருக்கும், மே மாசத்துல அங்க போய் செக்யூரிட்டிக்கு ஒரு டீ வாங்கி குடுங்க. தண்ணி லாரி என்ட்ரி போடற நோட்டு அவர் டேபிள்லதான் கிடக்கும், கேட்டா காட்டுவார்.