துவரையில் தேர்வு ரகமா, வீரிய ஒட்டா?

உளுந்தும் பாசிப்பயறும் பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தால் கருவுற்றுவிடும். துவரை அப்படியல்ல; தேனீ வந்து உட்கார்ந்தால் பக்கத்துச் செடியின் மகரந்தமும் சேர்ந்துவிடும். துவரையில் எந்த முறை நல்லது என்ற பேச்சு இந்தத் தேனீயில்தான் தொடங்குகிறது.

முதலில் தேர்வு முறை. நாட்டு ரகத்தில் நல்ல செடிகளைப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகத் தனியே வளர்த்து நிலைப்படுத்துவது. வாடல் நோய் துவரையைச் சூறையாடிய வட கர்நாடகத்துக்கு 1986-ல் கிடைத்த, வாடலைத் தாங்கும் மாருதி ரகம் இப்படி வந்ததுதான். விதையை விவசாயியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் பக்கத்து வயல் மகரந்தம் ஏறிக்கொண்டே இருந்தால், சில வருடங்களில் அந்த எதிர்ப்புச் சக்தி நீர்த்துப்போகும். விதைக்கென ஒதுக்கும் செடிகளைத் தள்ளி நடவேண்டும்.

அதே தேனீயை வேலைக்கு வைத்தால் வீரிய ஒட்டு, அதாவது இரண்டு வேறு செடி வழிகளைக் கலந்து எடுக்கும் விதை. பெண்ணாக வைக்கும் செடியில் சொந்த மகரந்தம் இருக்கக்கூடாது; அது ஆண்மலடாக இருந்தால், தேனீ கொண்டுவரும் ஆண் வரிசையின் மகரந்தத்தால்தான் காய்க்கும். இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1991-ல் வெளியிட்ட ஐ.சி.பி.எச். 8 என்ற ஒட்டு, பயறு வகையில் அரிய சாதனை. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் 1994-ல் ஒன்றைக் கொண்டுவந்தது. விளைச்சலில் குறையில்லை, விதை உற்பத்தியில்தான் முட்டிக்கொண்டது. இவற்றில் மலட்டுத்தன்மைக்குக் காரணம் ஒடுங்கிய மரபணு; தாய், தந்தை இருபக்கமிருந்தும் வந்தால்தான் அது வெளிப்படும். மலட்டுச் செடியைப் பெருக்க, அந்த மரபணுவை மறைவாகச் சுமக்கும் வளமான செடியோடுதான் சேர்க்கவேண்டும். பிறப்பதில் பாதி மலடு, பாதி வளம். அதனால் பெண் வரிசையில் ஒவ்வொரு செடியின் மொட்டையும் பிரித்து, மகரந்தப்பை வெளிறியிருந்தால் விட்டு, மஞ்சளாக இருந்தால் பிடுங்கவேண்டும். அதுவும் பூ விரியும் முன்பே. இத்தனை கூலி கொடுத்து யார் விதை விற்பார்கள்?

அப்புறம் வந்தது சைட்டோபிளாச ஆண்மலடு, அதாவது உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசம் மூலம் தாய்வழியாக வரும் மலட்டுத்தன்மை. துவரையின் காட்டு உறவான கஜானஸ் கஜானிஃபோலியஸிடம் வாங்கியது. இதில் பெண் வரிசை முழுக்க மலடு, பிடுங்கும் வேலையே இல்லை. 2010-ல் மத்தியப் பிரதேசத்துக்கு வந்த ஐ.சி.பி.எச். 2671 இந்த முறையில் வந்ததுதான். ஆனால் மலட்டுச் செடி வழி, அதோடு சேர்த்து மலட்டைப் பெருக்கும் பேணும் வழி, ஒட்டுச் செடியில் மகரந்த வளத்தை மீட்கும் ஆண் வழி என மூன்று செடி வழிகளையும் கலப்பில்லாமல் காக்கவேண்டும். விவசாயியும் வருடாவருடம் விதை வாங்கவேண்டும்.

என்னைக் கேட்டால், மானாவாரியில் சொந்த விதை போடுபவருக்குத் தேர்வு ரகம்தான். பாசன வசதியும் நம்பகமான விதை வரத்தும் உள்ள ஊரில் சைட்டோபிளாச ஒட்டைத் தாராளமாகப் போடலாம், நிலத்தில் வாடல் இருந்தால் அதன் எதிர்ப்பைக் கேட்டுக்கொண்டு.